கடுங்குளிரைத் தேடிய தமிழர்

செங்கற்பட்டில் அக்கினி நட்சத்திர காலத்து நண்பகலை அனுபவியாதார், வெப்பம் இன்னதென்று அறிந்தாரெனச் சொல்லுதற்கில்லை. கொளவாய் ஏரியைத் தடவி வரும் காற்றும் அந்நேரத்தில் அனலாகவே வீசும். அத்தகைய நண்பகலொன்றில், மின்விசிறிகள் ஓய்ந்து நின்ற வகுப்பறையில், யாம் கடுங்குளிரைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். ஹீலியம் என்னும் வாயு, நீர் உறையும் நிலைக்குக் கீழே ஏறத்தாழ 269 டிகிரியில் திரவமாகின்றதென்று கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசையிலிருந்த மாணாக்கரொருவர் எழுந்து, "ஐயா, இது குளிர்நாட்டார் தமக்கென்று கண்ட சாஸ்திரம் அன்றோ? வியர்வையில் நனையும் நமக்கு இதில் என்ன பங்கு?" என்று கேட்டார். வகுப்பு முழுதும் நகைத்தது. யாமும் நகைத்தோம். பரீட்சை அண்மையில் இருந்தமையால், மறுமொழி கூறாது அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

அந்த நகைப்பு எம்மை அன்றிரவு நன்கு உறங்கவொட்டவில்லை. அம்மாணாக்கர் கேட்டது ஏளனமன்று, உண்மையான வினா. அதற்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையையே எடுத்துச் சொல்லியிருக்கலாம். அம்மனிதரோ தமிழர், நம்முடையதைப் போன்ற மிஷன் கலாசாலைகளிற் பயின்றவர், அவற்றுள் ஒன்றில் உதவியாளராய் இருந்து, மாணாக்கர் கேட்ட எவ்வினாவையும் நகைத்துத் தள்ளாதவர். அவர் பெயரை அன்று யாம் சொல்லவில்லை. சொல்லத் தவறியதை இப்பத்திரிகையின் வாயிலாக இன்று சொல்லப் புகுகின்றோம்.

குளிர் என்பது அயல்நாட்டுச் சரக்கு என்னும் எண்ணம் நம்மவரிடம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்ற கட்டடம் 1842ல் எழுந்தது. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்தை அடுத்த ஏரிகளில் மாரிக்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை, மரத்தூளிற் பொதிந்து, கப்பலேற்றிக் கொணர்ந்து அங்கே சேமித்து விற்றனர். இன்று அது விவேகானந்தர் இல்லமாய் விளங்குகின்றது. அந்நாளைச் சென்னைவாசிகளுக்குக் குளிர் என்பது கப்பலில் வந்திறங்கிக் காசுக்கு விலைபோன பண்டம். அவர்தம் பேரர்களாகிய நாமும், கடுங்குளிர்ப் பௌதிகம் முழுவதையும் அவ்வாறே கப்பலேறி வந்த சரக்காகக் கருதிவிட்டோம்.

உண்மை வேறு. கடுங்குளிருக்கு உயிர்நாடியாகிய ஹீலியம் மனிதர் கண்ணுக்கு முதலிற் குறிகாட்டியதே நம் பழைய சென்னை மாகாணத்து வானத்தில்தான். 1868ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ம் தேதி நிகழ்ந்த முழுச் சூரியகிரகணத்தைக் காண, ஜான்ஸன் என்னும் பிரெஞ்சு வானநூலார் குண்டூருக்கு வந்திருந்தார். சென்னை வானிலை ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராகிய போக்ஸன், மசூலிப்பட்டணத்திலிருந்து அதனை நோக்கினார். சூரியனைச் சூழ்ந்த சுவாலைகளின் ஒளியை நிறமாலைக் கருவியாற் பிரித்துக் கண்டபோது, அதுவரை அறியப்பட்ட எப்பொருளுக்கும் முற்றும் பொருந்தாத மஞ்சள் வரையொன்று தென்பட்டது. சூரியனுக்குரிய கிரேக்கப் பெயரைக்கொண்டு அப்புதுப் பொருளை ஹீலியம் என்றனர். 27 ஆண்டுகள் கழித்து, 1895ல், இராம்ஸே என்பார் அதனைப் பூமியிலேயே ஒரு தாதுக்கல்லினின்று பிரித்தெடுத்தார்.

வானத்தைவிட்டுக் காலடிக்கு வருவோம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம் வரையிலுள்ள கடற்கரையில் உலாவியவர்கள், வெண்மணலினிடையே ஆங்காங்குக் கரிய மணல் படிந்து கிடப்பதைக் கண்டிருப்பர். கல்பாக்கத்துக் கடல்மணலில் மோனஸைட் என்னும் தாது கலந்திருப்பது ஆராய்ச்சியாளர் அளந்தறிந்த செய்தி. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் அது பெருவாரியாக உண்டு. மோனஸைட்டில் தோரியம் இருக்கின்றது. ஒரு தோரிய அணு, பற்பல நிலைகளைக் கடந்து ஈயமாக மாறி ஓய்வதற்குள், ஆறு ஹீலிய அணுக்களை வெளிவிடுகின்றது. அவற்றுட் சில மணலின் பரல்களுக்குள்ளேயே பல கோடி ஆண்டுகளாய்ச் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. 1908ம் ஆண்டு ஜூலை மாதம் 10ம் தேதி, ஹாலந்து தேசத்து லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ் என்னும் பேராசிரியர், உலகில் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதற்கு வேண்டிய வாயுவை அவர் எதிலிருந்து பெற்றார்? மோனஸைட் மணலிலிருந்துதான்; அது வட கரோலினாவிலிருந்து சென்ற மணல். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் பழங்கோட்டை இன்றும் சிதைந்து நிற்கின்றது. மெல்லிய துணிக்காக இக்கரையைத் தேடி வந்து கோட்டை கட்டியவர்களின் காலடியில், அவர் தம் பேரர்கள் பின்னாளில் வேறொரு தேசத்திலிருந்து தருவிக்கப் போகும் பொருளும் கிடந்தது என்பதை நினைக்க வியப்பே மேலிடுகின்றது.

இனி, நாம் சொல்ல வந்த மனிதரிடம் செல்வோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது அவர் முழுப்பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் 1898ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ம் தேதி பிறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் இலண்டனில் டிவார் என்பார் ஜலவாயுவை, அதாவது ஹைட்ரஜனை, திரவமாக்கிக் காட்டினார். ஜாதகத்தில் நம்பிக்கையில்லாத எமக்கும் இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை இனிக்கின்றது. தந்தையார் உழவுத்தொழிலும் நூற்பயிற்சியும் ஒருங்கே உடையவர்; தமிழும் வடமொழியும் மகனுக்கு இல்லத்திலேயே வாய்த்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைக் கல்வியும், மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் மேற்படிப்பும் பெற்றார். பின்னர், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலேயே இரசாயனப் பகுதியில் செயல்முறை உதவியாளராக அமர்ந்தார். அக்கலாசாலை அந்நாளில் எஸ்பிளனேடுக்கு எதிரே இருந்தது. 1937ல்தான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. தாம்பரமோ இன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். நண்பகல் உணவு வேளையில் மாணாக்கர் வந்து, பௌதிகத்திலோ இரசாயனத்திலோ கணிதத்திலோ, தமக்குத் தோன்றிய எவ்வினாவையும் கேட்கலாமென்று ஒரு கூட்டம் நடத்தினார். பாடத்திட்டத்துக்குள் அடங்கியதா, பரீட்சைக்கு வருமா என்னும் வரையறை கிடையாது. நாளடைவில் பிற கலாசாலைகளிலிருந்தும் மாணாக்கர் அங்கே வந்து குழுமினர். பெரும் பதவியில்லாத இளைஞரொருவர், தம்முடைய உணவு நேரத்தைக் கொடுத்து, எவரும் ஆணையிடாத ஒரு வேலையைச் செய்தார். அவர் பின்னாளில் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானதையும், சர் பட்டம் பெற்றதையும் யாம் பாராட்டுகின்றோம். ஆனால் எம் நெஞ்சைத் தொடுவது அந்த உணவுவேளைக் கூட்டமே. கேள்விக்கு அஞ்சாதவன் ஒருவனே புதியதொன்றைக் காணவல்லான். அவ்வச்சத்தை அவர் அங்கேதான் தொலைத்திருக்கவேண்டுமென்பது எமது கருத்து.

1920ல் அவர் கல்கத்தா சென்றார். அங்கே சர் சி. வி. இராமனுடைய ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்து, ஒளி திரவங்களிற் சிதறும் வகையை ஆராய்ந்தார். 1928ல் உலகெங்கும் புகழ் பெற்ற ஒளிச்சிதறற் கண்டுபிடிப்பில் அவருக்குரிய பங்கு பெரிது. "நேச்சர்" பத்திரிகையில் 1928ம் ஆண்டு மார்ச்சு 31ம் தேதி வெளிவந்த முதற்கடிதம் இராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயரையும் தாங்கியது. 1930ல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. இதுபற்றி நம் நாட்டில் நடந்த வாதங்கள் பல. அவற்றுட் புக யாம் விரும்பவில்லை. விரும்பாமைக்குக் காரணம் அச்சமன்று. கிருஷ்ணன் என்றவுடன் அவ்வாதத்தை மட்டும் எடுப்பது, அவரை மற்றொருவரின் நிழலாகவே நிறுத்திவிடுகின்றது. அவர் தம் சொந்த ஒளியில் நின்ற 30 ஆண்டுகளைப் பற்றி நம் மாணாக்கருக்கு ஒரு வரியும் தெரிவதில்லை. எமது குறை இதுவே.

அம்முப்பது ஆண்டுகளின் தொடக்கம் டாக்கா நகரம். கல்கத்தாவை விட்டு டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்ற கிருஷ்ணன், அங்கே பளிங்குகளின் காந்த குணத்தை ஆராயத் தலைப்பட்டார். இரும்பைப்போற் காந்தத்தால் வலிந்து இழுக்கப்படும் பொருள்கள் சிலவே. எஞ்சியவையெல்லாம் மிக மெல்லியதாக இழுக்கப்படும், அல்லது மிக மெல்லியதாக விலக்கப்படும். பளிங்காய் அமைந்த பொருளில் இம்மென்மையான குணமும் எல்லாத் திசையிலும் ஒன்றாயிராது. ஒரு திசையில் மிகும், மற்றொரு திசையிற் குறையும். இவ்வேற்றுமையை அளந்தால், கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள் பளிங்கினுள் எவ்வாறு சாய்ந்து படிந்துள்ளன என்பதை ஊகிக்கலாம்.

அதனை அவர் அளந்த விதம் நம் மாணாக்கர் யாவரும் அறியத்தக்கது. படிகக்கல்லை உருக்கி இழுத்த நுண்ணிய இழையொன்றிற் பளிங்கைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். பளிங்கு தனக்கு உவந்த திசையிற் சென்று நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல மெல்லத் திருகுவார். பளிங்கு விட்டுக்கொடாது, காந்தம் அதனைப் பற்றிக்கொண்டிருக்கும். திருகல் ஓர் எல்லையை எட்டியவுடன், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பளிங்கு சட்டெனப் புரண்டு சுழலும். அவ்வெல்லைக்கோணம் ஒன்றை அறிந்தாற் போதும். காந்த வேற்றுமையின் அளவு கணக்கில் வந்துவிடும். மற்றொரு முறை இதனினும் எளிது. பளிங்கை ஓர் உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, காந்தம் அதனை இழுக்கவும் விலக்கவும் மாட்டாத நிலை வரும்வரை கரைசலின் செறிவை மாற்றிக்கொண்டே போவது. அந்நிலையில் கரைசலின் குணமும் பளிங்கின் குணமும் சமம். இவற்றுக்கு அரண்மனை போன்ற ஆராய்ச்சிச்சாலை வேண்டுவதில்லை. கைந்நடுக்கமில்லாமையும், எண்ணில் உண்மையும், பொறுமையுமே வேண்டும். நாம் பெட்டியிற் போடும் பாச்சை உருண்டை இருக்கின்றதே, அந்த நாப்தலீனின் பளிங்கும் அவர் இழையிலே தொங்கி விடை பகர்ந்தது. பென்சிலிலுள்ள கிராபைட்டும் அவ்வாறே. திரவக் காற்றின் குளிர் முதல் ஆயிரம் டிகிரி வெம்மை வரை அதனைக் கொண்டுசென்று, அதனுள் உலாவும் மின்னணுக்களின் போக்கைக் கங்குலி என்பாருடன் ஆராய்ந்தார்.

குளிர் இங்கேதான் அவர் வாழ்க்கையுட் புகுகின்றது. ஏன் குளிர் வேண்டும்? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலருகே மாசிமகத் திரளில் நின்றுகொண்டு, ஒருவர் காதோடு சொல்லும் சொல்லைக் கேட்க முயன்று பாருங்கள், ஒன்றும் விளங்காது. அதே இடத்தில் நள்ளிரவில் நின்றால், அலை பாறையின் மோதி வடியும் ஓசையிலும் ஏற்றத்தாழ்வு புலனாகும். வெப்பமென்பது அணுக்களின் திருவிழா இரைச்சலே. அவ்விரைச்சல் அடங்க அடங்க, பொருளின் உள்ளே நிகழும் மெல்லிய செய்திகள் ஒவ்வொன்றாய்க் கேட்கத் தொடங்குகின்றன. 1911ல் ஆனஸ் பாதரசத்தை ஹீலியக் குளிரில் ஆழ்த்தியபோது, அதன் மின்தடை திடீரென மறைந்துபோயிற்று. எவரும் எதிர்பாராத அச்செய்தி, இரைச்சல் அடங்கினதாற் கேட்ட செய்தி.

ஹீலியத் திரவத்துக்கும் கீழே இறங்க வழியுண்டோ என்னும் வினாவுக்கு, 1926ல் டிபை, ஜியோக் என்னும் இருவர் தனித்தனியே ஒரு வழி கூறினர். சில உப்புக்களைக் கடுங்குளிரில் வைத்துக் காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, பின்னர்ப் புற வெப்பம் அணுகாதபடி தடுத்துக் காந்தத்தை நீக்கிவிட்டால், அணுக்காந்தங்கள் மீண்டும் கலைந்து பரவுதற்கு வேண்டிய வெப்பத்தை உப்பினிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். உப்பு மேலும் குளிரும். 1933ல் ஜியோக் இதனைச் செய்துகாட்டி, தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரிக்கும் குறைந்த நிலையை அடைந்தார். எவ்வுப்பு எந்த அளவு குளிரும் என்பதை, அப்பளிங்கினுள் அணுக்களைச் சூழ்ந்த மின்விசைப் புலத்தின் தன்மை வரையறுக்கின்றது. அதனை அறியும் நேர்வழிகளுள் ஒன்று, கிருஷ்ணனும் அவர் மாணாக்கரும் கல்கத்தாவில் பற்பல உப்புக்களைக் குளிர்வித்து அளந்த காந்த வேற்றுமையே. குளிர்நாட்டார் குளிரை உண்டாக்கிக்கொண்டிருந்த நாளில், வெயில்நாட்டார் ஒருவர் அக்குளிரை உண்டாக்கும் பொருளின் உள்ளத்தை அறிந்துகொண்டிருந்தார். வகுப்பறையில் எழுந்த வினாவுக்கு எமது முதல் விடை இது.

1933ல் கல்கத்தாவுக்கு மீண்டு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகவும், 1942 முதல் அலகாபாத்தில் பௌதிகத் தலைவராகவும் அவர் இருந்தார். 1940ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. 1947ல் புது டில்லித் தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலைக்கு முதல் இயக்குநராக அழைக்கப்பட்டார். 1948ல் அமைந்த அணுசக்திக் குழுவில் பாபா, பட்நாகர் என்னும் இருவரோடு மூன்றாமவராகவும் இருந்தார்.

டில்லியில் அவர் செய்தவற்றுட் சிறந்தது, 1952ல் ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்தை நிறுவியது. இந்நாட்டு மண்ணில் ஹீலியம் திரவமானது அப்பொழுதுதான் முதன்முறை. கேம்பிரிட்ஜிலிருந்து டேவிட் ஷோன்பர்க் யுனெஸ்கோவின் ஆலோசகராக 1953-54ல் வந்திருந்து, கடுங்குளிர்ப் பகுதி வளர உதவினார். சோற்றுக்கே கப்பலை எதிர்பார்த்திருந்த தேசம் அன்று நம்முடையது என்பதை மறத்தலாகாது. அத்தகைய நாளில் 269 டிகிரிக் குளிருக்குப் பணம் செலவிடுவது தகுமோ என்று கேட்டவர் இருந்திருப்பர், கேட்பதும் நியாயமே. அயல்நாட்டில் செய்த இயந்திரத்தை விலைக்கு வாங்கி வைப்பவரை முன்னோடி என்று எங்ஙனம் சொல்வது என்று எம் நண்பரொருவரும் எம்மோடு வாதிட்டார்.

அவருக்கு யாம் கூறிய மறுமொழி: இயந்திரத்தை எவரும் வாங்கலாம், வாங்கிய இயந்திரத்தின்மேல் உறை போர்த்தி, விருந்தினர் வரும் நாளில் மட்டும் திறந்துகாட்டும் நிலையங்களை நாம் அறிவோம். கிருஷ்ணன் இயந்திரத்தை வாங்குமுன் இருபது ஆண்டுகள் வினாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். இழையிலே தொங்கிய பளிங்குகள் ஒவ்வொன்றும், "இன்னும் சற்றுக் குளிர்வித்தால் மற்றொன்று சொல்வேன்" என்று அவரிடம் கூறிக்கொண்டே இருந்தன. வினா முன்னும் கருவி பின்னுமாக வந்தமையாலேதான் அது வேர்கொண்டது. பின்னர்ப் பம்பாயிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கல்பாக்கத்திலும் கடுங்குளிர் ஆராய்ச்சி வளர்ந்தது. அவரோ குளிரோடு நின்றுவிடவில்லை. டில்லியிலேயே, வெண்சூடேறிய உலோக இழைகளினின்று மின்னணுக்கள் வெளிப்படும் விதத்தையும் ஜெயின் என்பாருடன் நுணுகி ஆராய்ந்தார். 1954ல் பத்மபூஷணும், 1958ல் பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. அப்பரிசைப் பெற்றவருள் அவரே முதல்வர். 1961ம் ஆண்டு ஜூன் 14ம் தேதி அவர் மறைந்தார்.

இனி மாணாக்கரின் வினாவுக்கு இரண்டாம் விடை. அதற்குக் கல்பாக்கம் வரை சென்றாற் போதும். நம் கலாசாலையிலிருந்து காலையிற் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் மாமல்லபுரத்துத் தேர்களையும் பார்த்துத் திரும்பலாம். 1971ல் அங்கே தொடங்கிய அணு ஆராய்ச்சி நிலையம், 1985 முதல் இந்திரா காந்தி பெயரைத் தாங்கியது. அவ்வளாகத்துச் சோதனை அணு உலையில் உருகிய சோடியம் ஏறத்தாழ 500 டிகிரி வெம்மையில் ஓடியது. அதே வளாகத்தின் மற்றொரு பகுதியிலோ ஹீலியக் குளிரில் இயங்கும் ஸ்குவிட் என்னும் நுண்கருவியை நம்மவரே செய்து, அதனாலே மனித இதயமும் மூளையும் எழுப்பும் காந்தப்புலத்தை அளக்கின்றனர். பூமியின் காந்தத்தோடு ஒப்பிட்டால் மூளையின் காந்தம் கோடியில் ஒரு பங்கினும் குறைவு. அதனை அளப்பதற்குப் புறக்காந்தம் புகாதபடி தனியறை கட்டியிருக்கின்றனர். இழையில் தொங்கிய பளிங்கின் மெல்லிய காந்தத்தை டாக்காவில் அளந்த கைக்கும், சிந்திக்கும் மூளையின் மெல்லிய காந்தத்தைக் கல்பாக்கத்தில் அளக்கும் கைக்கும் உறவு உண்டென்று யாம் எண்ணுகின்றோம். மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெருங்காந்தமும் ஹீலியக் குளிராலேயே இயங்குவது. வியர்வையில் நனையும் நமக்கு இதில் பங்கில்லையென்று இனிச் சொல்வது எங்ஙனம்?

ஆயினும் ஒன்றை மறைக்காது சொல்லவேண்டும். நம் நாட்டுக்கு வேண்டும் ஹீலியத்தில் பெரும்பகுதி இன்றும் அயல்நாட்டிலிருந்தே வருகின்றது. மாயூரத்தை அடுத்த குத்தாலத்தில், அருவியுள்ள குற்றாலம் அன்று, பூமியிலிருந்து வரும் இயற்கை வாயுவினின்று ஹீலியத்தைப் பிரிக்கும் சோதனை ஆலையை நம் விஞ்ஞானிகள் அமைத்துப் பார்த்தனர். அது சிறு அளவிலான முயற்சியே. 1842ல் பாஸ்டன் பனிக்கட்டிக்குக் காத்திருந்ததுபோல நாம் இன்னமும் காத்திருக்கின்றோம். பண்டம் மட்டும் மாறியிருக்கின்றது. ஒருமுறை காற்றிற் கலந்த ஹீலியத்தை மீட்பது அரிது. பூமியின் பற்றையே விட்டு அது மேலே சென்றுவிடும். திருவிழாக்களில் விளையாட்டு பலூன்களில் அதனை அடைத்து விடுவதைக் காணும்போதெல்லாம், காசை எண்ணியன்று, கோடிக்கணக்கான ஆண்டுகளை எண்ணியே எம் மனம் துணுக்குறுகின்றது.

இவ்வளவும் எழுதியபின், எம் மாணாக்கப் பருவத்துச் செய்தியொன்றை ஒளித்து வைப்பது நேர்மையாகாது. யாம் பயின்ற கலாசாலையில், காந்த ஊசியின் அலைவை எண்ணிக் கணக்கிடும் பரிசோதனையொன்று உண்டு. எமக்கு வந்த விடை நூலிலுள்ள விடைக்கு மிகவும் விலகி நின்றது. முன்னாண்டு மாணாக்கர் குறிப்பேட்டைப் பார்த்து எண்களைத் திருத்தி எழுதிக் கொடுத்தோம். முழு மதிப்பெண்ணும் பெற்றோம். பல ஆண்டுகள் கழித்தே, அம்மேசைக்கு அடியில் இரும்புச் சட்டமொன்று இருந்ததை அறிந்தோம். எங்கள் பிழையான எண் உண்மையையே சொல்லியிருக்கின்றது. யாமே அதனை வாய்மூடச் செய்தோம். ஆசிரியரிடம் சென்று, "ஐயா, விடை ஏன் விலகுகின்றது?" என்று கேட்க அன்று எமக்கு ஓர் இடமும் நேரமும் இருந்ததில்லை. இன்று எம்மிடம் வரும் குறிப்பேடுகளிலும் விடைகள் வியக்கத்தக்க விதமாய் நூலோடு ஒத்தே வருகின்றன. அவை யாவும் உண்மையாக அளந்தவை என்று நம்பும் அளவுக்கு யாம் வெள்ளையுள்ளம் படைத்தவரல்லோம்.

நம் கலாசாலைக்குப் புதிய கட்டடங்களும் கருவிகளும் வேண்டுமென்று பழைய மாணாக்கர் சங்கத்தார் ஆண்டுதோறும் அன்போடு முயல்கின்றனர். அதனை யாம் குறைகூறவில்லை. ஆயினும் செலவில்லாத ஒன்றைக் கேட்கின்றோம். வாரத்தில் ஒருநாள் உணவுவேளையில், பௌதிக விரிவுரை அறை திறந்திருக்கட்டும். வருகைப் பதிவேடு வேண்டா, மதிப்பெண் வேண்டா, வினாவைத் தாளில் எழுதி முன்னரே கொடுக்கவும் வேண்டா. தமிழிலோ ஆங்கிலத்திலோ எவரும் கேட்கலாம். தமிழ்ப் பகுதி மாணாக்கரும் வரலாம். தவறான விடை வந்த பரிசோதனைக் குறிப்பேட்டைத் திருத்தாமலே கொண்டுவரலாம். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கும் இருக்கவேண்டும். இரும்புச் சட்டங்கள் எத்தனை மேசைகளுக்கு அடியில் கிடக்கின்றனவோ!

எம் துறையினர் சிலர் இதற்கு இசைந்துள்ளனர். புதன்கிழமைகளில் தொடங்க எண்ணியிருக்கின்றோம். அன்று வகுப்பில் எழுந்து கேட்ட மாணாக்கரைத் தேடிச் சென்று, யாம் நகைத்ததற்கு வருத்தம் தெரிவித்து, கிருஷ்ணனுடைய கதையைச் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டார். அடுத்த ஞாயிறன்று மாமல்லபுரத்துக்குச் சென்றவர், கரிய மணலை ஒரு பொட்டலத்திற் கட்டிக்கொண்டு வந்து எம் மேசைமேல் வைத்து, "ஐயா, இதில் மோனஸைட் உண்டோ? இருப்பின், இப்பிடியில் எத்தனை ஹீலிய அணுக்கள் இருக்கும்? நம்மிடமுள்ள கருவிகளைக்கொண்டே அதை அறிய வழியுண்டோ?" என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை. முதற் புதன்கிழமைக்கு அவ்வினாவையே வைத்திருக்கின்றோம். பொட்டலம் இன்னும் எம் மேசைமேல்தான் இருக்கின்றது.